'மே' என்னும் சிறு சொல்

வேலையில் சேர்ந்த முதலாண்டில், வேறொரு குழுவின் சேவையிலிருந்து தரவைப் பெற்று எங்கள் மென்பொருளில் சேர்க்கும் பணி எனக்குத் தரப்பட்டது. அந்தச் சேவையின் ஆவணத்தில், குறிப்பிட்ட ஒரு புலத்தை, அதாவது தரவின் ஓர் உறுப்பை, சர்வர் 'மே ஆமிட்' (may omit, விட்டுவிடலாம்) என்று எழுதியிருந்தார்கள். எப்போதாவது அரிதாக விடுபடும் என்று பொருள் கொண்டு, அதற்கான சோதனையை நிரலில் எழுதாமல் விட்டேன். மென்பொருள் பயன்பாட்டுக்கு வந்த சில நாட்களிலேயே அந்தப் புலம் இல்லாத பதில்கள் வந்தன. நிரல் பாதியில் நின்றது.

மூத்த பொறியாளர் ஒருவர் அன்று என்னைப் படிக்கச் சொன்னது, இணைய நெறிமுறைகளுக்கான ஆர்எஃப்சி (RFC) ஆவண வரிசையில் 1997இல் வெளியான ஆர்எஃப்சி 2119 என்னும் சில பக்க ஆவணம். நெறிமுறைகளை எழுதுவோர் 'மஸ்ட்', 'ஷுட்', 'மே' போன்ற சொற்களை எந்தப் பொருளில் ஆள வேண்டும் என்று அது வரையறுக்கிறது. 'மஸ்ட்' விலக்கில்லாத கட்டாயம். 'ஷுட்' என்றால், தக்க காரணம் இருந்து விளைவுகளை எடைபோட்ட பின்னரே விலகலாம். 'மே' என்றால் செய்வதும் விடுவதும் அவரவர் விருப்பம், ஆகவே மறுமுனையில் இருப்பவர் இரண்டுக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். பள்ளி நாட்களிலிருந்தே எனக்குத் தெரிந்த சொற்கள்தாம் இவை. தெரியும் என்பதாலேயே நின்று படிக்காமல் கடந்துவிட்டேன்.

இப்போது என்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடமும் இதையே காண்கிறேன். வேறொரு கணினியுடன் இணைய முயலும்போது வரும் பிழைச்செய்தி 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்றாலும் 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்' என்றாலும் "கனெக்ட் ஆகவில்லை" என்றே சொல்கிறார்கள். முன்னதில் மறுப்பு என்ற பதிலாவது வந்திருக்கிறது. பெரும்பாலும் அந்த போர்ட்டில் (கணினியில் ஒரு சேவைக்கான இணைப்பு எண்) எந்த நிரலும் இயங்கவில்லை என்று பொருள். பின்னதில் பதிலே வரவில்லை. வழியில் ஃபயர்வால் என்னும் பாதுகாப்பு வடிகட்டி தடுக்கிறதா, எதிர்முனைக் கணினி இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதை அந்த ஒற்றை வினைச்சொல்லே சொல்லிவிடுகிறது.

நேர்முகத் தேர்வுக்காகப் பேச்சு ஆங்கிலத்தில் மாணவர்கள் செலவிடும் உழைப்பில் ஒரு பகுதியேனும் இத்தகைய வாசிப்புக்குக் கிடைக்காதா என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. எழுத்துக்கும் அப்படியே. "லாகின் வேலை செய்யவில்லை" என்று ஆங்கிலத்தில் ஒரே வரியில் பிழையறிக்கை எழுதிய மாணவி ஒருவரிடம், என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், உண்மையில் என்ன நடந்தது என்று மூன்றையும் தனித்தனி வாக்கியங்களாக எழுதச் சொன்னேன். இலக்கணத்தில் இரண்டு இடங்களில் தவறியிருந்தார், நான் திருத்தவில்லை. வேறு நேர மண்டலத்தில் பணிபுரியும் பொறியாளர் அதைப் படித்து, ஒரு கேள்வியும் கேட்காமல், மறுநாள் காலைக்குள் பிழையைச் சரிசெய்து அனுப்பியிருந்தார்.