அப்பாவுக்குப் பின்னால் இருந்த கடல்

வீட்டுக் கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கும் அப்பா படத்தில் பின்னணி வெறும் நீலம். ஸ்டூடியோக்காரர் பூசிக் கொடுத்த நீலம். அசல் படம் 1993ல் திருவொற்றியூர்க் கடற்கரையில் மாமா எடுத்தது. அப்பா இடுப்பில் நான், அவர் தோளைப் பிடித்தபடி. பக்கத்தில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அம்மா. பின்னால் மணல், ஒரு கட்டுமரம், கடல். காரியத்துக்கு அவசரமாகப் படம் வேண்டியிருந்தது, ஸ்டூடியோக்காரரிடம் கொடுத்தோம். அவர் படத்திலிருந்து அம்மாவை எடுத்தார், என்னை எடுத்தார், கடலையும் எடுத்துவிட்டார். குறை சொல்ல முடியாது, நாங்கள் கேட்டது அதைத்தான்.

வருஷம் முடிகிறவரை கொடிமரம் உள்ள கோயிலுக்குப் போகக் கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தலைத்திவசம் முடிந்து வந்த முதல் கார்த்திகைப் பௌர்ணமிக்கு, கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்த நீலத்துக்குப் பதில் உண்மையான கடலை எடுத்து வரலாம் என்று ஒரு எண்ணம்.

அப்பா காலத்தில் தண்டையார்பேட்டையிலிருந்து சைக்கிள்தான். நான் மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கினேன். தியாகராஜ சுவாமி கோயில் வாசலைத் தாண்டியும் வரிசை நின்றது. இங்கே மூலவர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவம். அபிஷேகம் கிடையாது, வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தைக் களைந்து, புனுகு சாம்பிராணித் தைலம் சாத்துவார்கள். அந்த மூன்று நாளில் ஒரு நாள் அப்பா துறைமுக வேலைக்கு லீவு போட்டுவிடுவார். சன்னதி முன்னால் என்னைத் தூக்கிப் பிடித்து, “நல்லா பாத்துக்கோடா, இனி அடுத்த வருஷந்தான்” என்பார்.

ஒன்றரை மணி நேரம் நின்று, நாலு விநாடி பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் தைலம் மின்னியது, அவ்வளவுதான் கண்ணில் நிற்கிறது. “நகருங்க, நகருங்க” என்றார்கள். வெளியே வந்தபின் உருவத்தை மனசில் கொண்டுவரப் பார்த்தால் வாசனைதான் முந்திக்கொண்டு வருகிறது. அதை எந்தக் கேமராவில் பிடிப்பது?

வடிவுடையம்மனை வணங்கிவிட்டு மகிழ மரத்தடிக்கு வந்தேன். உன்னைப் பிரியமாட்டேன் என்று, தான் மணக்கவிருந்த சங்கிலியாருக்குச் சுந்தரர் சத்தியம் செய்த இடம். சாமியை மரத்தடிக்குப் போயிருக்கச் சொல்லிவிட்டுச் சன்னதியில் சத்தியம் செய்துவிடலாம் என்று சுந்தரர் போட்ட கணக்கு, சங்கிலியார் “மரத்தடியிலேயே செய்யுங்கள்” என்றதும் கவிழ்ந்தது. பிறகு சத்தியத்தை மீறி ஊரைத் தாண்டினார், கண் போனது. அப்பா எப்போதும் சங்கிலியார் கட்சி. இந்த இடம் வந்தால் சிரித்துவிட்டு, கீழே கிடக்கிற மகிழம்பூவைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். காய்ந்தாலும் வாசம் போகாத பூ. அன்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

அங்கிருந்து கடலைப் பார்த்து நடந்தால் பட்டினத்தார் சமாதி. கையில் இருந்த பேய்க்கரும்பின் நுனி எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கே முக்தி என்று சொல்லப்பட்டு, ஊர் ஊராகத் திரிந்தவருக்கு இங்கே இனித்ததாம். தாயின் சிதைக்குப் பச்சை வாழை மட்டையை அடுக்கிப் பாட்டாலேயே தீ மூட்டியவர் என்பார்கள். பாட்டி திதி அன்று அப்பா இங்கே வந்து அந்தப் பத்துப் பாட்டையும் முணுமுணுப்பார். அவர் உடலை எரித்தபோதும் அங்கிருந்த பெரியவர் ஒருவர் அதைத்தான் பாடினார். பத்து மாதம் சுமந்தவளைப் பற்றிய பாட்டு. அப்பா என்னைச் சுமந்தது சைக்கிள் பாரில்தானே என்று அந்த நேரத்திலும் தோன்றியது. அம்மாவுக்குப் பத்துப் பாட்டு எழுதிவைத்தவர் அப்பாவுக்கு ஒன்று எழுதியிருக்கலாம்.

லிங்கத்தின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடந்தேன். எதிரே கருங்கல் குவியல். அலை கல்லில் மோதித் தெறிக்கிறது. மணல் என்று ஒன்று இல்லை. போனில் பழைய படத்தை வைத்துக்கொண்டு, இங்கே நின்றிருப்பாரோ, அங்கே நின்றிருப்பாரோ என்று முப்பது படம் எடுத்திருப்பேன். எதிலும் அந்த இடம் இல்லை.

கல்மேல் உட்கார்ந்திருந்த மீனவர் ஒருவர், “இன்னா சார் எடுக்குற? அலைதான் கீது” என்றார். படத்தைக் காட்டினேன். அப்பாவை அவர் பார்க்கவில்லை, கட்டுமரத்தைத்தான் பார்த்தார். அப்புறம் தண்ணீர்ப் பக்கம் கை நீட்டி, “அந்த மண்ணு இப்ப அங்க கீது சார்” என்றார். கரையிலிருந்து நல்ல தூரம்.

திரும்பும்போது மெட்ரோவில் போனில் எழுதியது:

இடுப்பில் ஏற்றிக் கடல் காட்டினாய்.
இப்போது கடலே
சாலை வரை வந்து நிற்கிறது.
காட்டத்தான் ஆள் இல்லை.

கவிதையா என்று தெரியாது. அப்பாவுக்கு ஒன்று இருக்கட்டும்.

எடுத்த படம் எதையும் பிரின்ட் போடவில்லை. வீட்டுக்கு வந்து, வாடின மாலையை மாற்றும்போதுதான் கவனித்தேன். நீலத்துக்கு நடுவே அப்பாவின் இடது தோளில் சட்டை மடிந்திருக்கிற மாதிரி ஏதோ தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தேன். மடிப்பு இல்லை. ஸ்டூடியோக்காரர் அழிக்க விட்டுப்போன என் விரல்கள், இரண்டு.