விளம்பரத்தில் இருந்த ஒரு வரி

பருப்பும் எண்ணெயும் மளிகையும் மொத்தமாக வாங்கித் தென்மாவட்டக் கடைகளுக்கு அனுப்பும் மதுரை நிறுவனம் ஒன்றில் ஆள் சேர்க்கும் பொறுப்பைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். கிளை மேலாளர் தேவை என்ற விளம்பரம் ஒவ்வொரு முறையும் என் மேசையிலிருந்துதான் போகும். "எம்.பி.ஏ. கட்டாயம்" என்ற வரியும் அதில் தவறாமல் இருக்கும். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிவைத்துவிட்டுப் போன வரி அது. அந்த வேலைக்கு அந்தப் பட்டம் எதற்கு என்று நான் யாரையும் கேட்டதில்லை, எனக்குள்ளும் கேட்டுக்கொண்டதில்லை. வந்து குவியும் விண்ணப்பங்களை ஒரே மாலையில் பாதிக்கும் கீழாகக் குறைக்க அது வசதியாக இருந்தது என்பதே உண்மை.

அந்த வரியால் நான் ஒதுக்கியவர்களில் ஒருவர் எங்கள் கிட்டங்கியிலேயே இருந்தார். பி.காம். படித்தவர், சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் பதினாறு ஆண்டுகள் நின்று மேற்பார்வையாளர் ஆனவர். லாரி வந்து நின்றதும் மூட்டையில் குத்தூசியைச் செலுத்தி, வந்த பருப்பை உள்ளங்கையில் கொட்டி, ஒன்றை மட்டும் எடுத்துக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பார். டக்கென்று உடைந்தால் லோடுமேன்களைப் பார்த்துத் தலையசைப்பார். பல்லில் அமுங்கினால், எந்தத் தரகர் வந்து பேசினாலும் அந்த லாரி இறக்கப்படாது. எந்தக் கடைக்காரர் ஆடி மாதத்தில் உண்மையிலேயே பணமில்லாமல் திணறுகிறார், எவர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இழுத்தடிக்கிறார் என்பது பேரேட்டைப் புரட்டாமலே அவருக்குத் தெரியும். திண்டுக்கல் கிளைக்கு மேலாளர் தேவைப்பட்டபோது அவரும் விண்ணப்பித்தார். நான் கல்வித் தகுதிக் கட்டத்தைப் பார்த்தேன், தாளைத் தள்ளிவைத்தேன், அடுத்ததை எடுத்தேன். மறுநாள் அவரே வந்து, "விடுங்க சார், விதின்னு இருந்தா அது எல்லாருக்கும்தானே" என்றார். அன்றைக்கு அந்தப் பேச்சு எனக்கு நிம்மதியைக் கொடுத்தது. இப்போது நினைத்தால் உறுத்துகிறது.

திண்டுக்கல்லுக்கு நாங்கள் எடுத்த இளைஞர் புத்திசாலி, நேர்மையானவர், பட்டம் வாங்கி ஓராண்டுகூட ஆகாதவர். ஐப்பசி அடைமழையில் வந்த துவரம்பருப்பை, எடைச் சீட்டும் பில்லும் சரியாக இருக்கின்றன என்று பார்த்து அவர் இறக்கிக்கொண்டார். மூன்று வாரத்தில் அடுக்கின் நடுவிலிருந்த மூட்டைகள் சூடேறிப் பூஞ்சை பிடித்துவிட்டன. எட்டாவது மாதம், கல்விக் கடனின் தவணை இன்னும் கட்டி முடியாத நிலையில், அவர் விலகிக்கொண்டார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஈரப் பருப்பைக் கண்டுபிடிக்க அவருக்கு எந்த வகுப்பிலும் யாரும் கற்றுத்தரவில்லை, நாங்களும் கற்றுத்தரவில்லை. பிழை தேர்ந்தெடுத்த என்னுடையது.

பட்டத்தை ஏன் கேட்கிறோம் என்பதற்குப் பொருளியலில் ஒரு விளக்கம் உண்டு. 1973-ல் மைக்கேல் ஸ்பென்ஸ் எழுதிய கட்டுரையும் அதைத்தான் ஆராய்ந்தது. 2001-ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு இந்த வகை ஆய்வுக்காகத்தான். வந்து நிற்பவரின் திறமை வேலை கொடுப்பவருக்குத் தெரியாது; ஆகவே, திறமையுள்ளவருக்கு அடைவது எளிதாகவும் மற்றவருக்குக் கடினமாகவும் இருக்கும் ஒன்றை, பட்டம் போன்ற ஒன்றை, அடையாளமாக எடுத்துக்கொள்கிறார். படிப்பு எதையும் கற்றுத்தராவிட்டாலும்கூட இந்த அடையாளம் வேலை செய்யும். ஆனால் அது வேலை செய்ய, பட்டம் அரிதாகவோ கடினமாகவோ இருக்க வேண்டும். நம் பக்கத்தில் பல பொறியியல் கல்லூரிகளிலேயே எம்.பி.ஏ. துறை இருக்கிறது, அஞ்சல் வழியிலும் படிக்கலாம் என்றான பிறகு, அந்த மூன்றெழுத்து ஒருவரைப் பற்றி எனக்குச் சொல்வது மிகக் குறைவு. பதினாறு ஆண்டுகள் என் கண்முன்னால் வேலை பார்த்தவரைப் பற்றி எனக்கு அடையாளமே தேவையில்லை. தெரிந்த ஒருவரைத் தெரியாதவராக நடத்தினேன் என்பதுதான் நான் செய்த அநியாயம்.

இதனால் அந்தப் படிப்பே வீண் என்று நான் சொல்லவரவில்லை. ஆலை நடத்திய கருமுத்து தியாகராசர் செட்டியார் 1962-லேயே மேலாண்மைப் பள்ளி ஒன்றை இங்கே தொடங்கினார் என்றால், நிர்வாகத்தைச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று அவர் நம்பியிருக்கிறார், நானும் நம்புகிறேன். எங்கள் கணக்குப் பிரிவில் சேர்ந்த, உசிலம்பட்டிப் பக்கத்து எம்.பி.ஏ. பெண் ஒருவர், அதிகம் வாங்கும் கடைகளைத் தனியே பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை நாளில் பணம் தருகிறது, அந்த நாட்களுக்கு நாங்கள் வங்கிக்குக் கட்டும் வட்டி எவ்வளவு என்று இரண்டு வாரம் உட்கார்ந்து கணக்கெடுத்தார். எங்களுக்குப் பெருமையாக இருந்த மூன்று பெரிய கடைகளால் எங்களுக்கு நட்டம்தான் என்று தெரியவந்தது. எங்களில் அதைப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அவர் கற்ற பாடமும் அவர் செய்த வேலையும் ஒன்றாக இருந்தன. அங்கே பட்டத்தைக் கேட்பது நியாயம்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதை மதுரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நான் திரும்பத் திரும்ப நினைப்பது அங்கே வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி. பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுகள் அங்கேயே பயிற்சி கொடுத்து, பார்வைப் பரிசோதனையிலிருந்து அறுவை அரங்கில் அடுத்த நோயாளியைத் தயார்படுத்துவது வரை அவர்களிடம் ஒப்படைக்கிறார்கள். மருத்துவர் ஒரு மேசையில் முடித்துத் திரும்பும்போது அடுத்த மேசை தயாராக இருக்கும். அந்த நிர்வாகத்தை ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993-ல் பாடமாக எழுதியது. அதற்கு முந்தைய ஆண்டே, மற்ற மருத்துவமனைகளுக்கு நிர்வாகம் கற்பிக்க லைக்கோ என்ற பயிற்சி நிலையத்தை அரவிந்த் தொடங்கியிருந்தது. வேலைக்கு என்ன தேவை என்று முதலில் பார்த்து, அதைத் தாங்களே கற்றுக்கொடுக்கும் பொறுப்பையும் ஏற்றவர்கள் அவர்கள். நான் அந்தப் பொறுப்பைக் கல்லூரிகளின் தலையில் கட்டிவிட்டு, சான்றிதழை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சென்ற ஆண்டு முதலாளியிடம் பேசி அந்த வரியை எடுத்தேன். இப்போது விண்ணப்பித்தவர்களுக்கு, கடைகளின் பெயரை மறைத்து, மூன்று மாதச் சிட்டையையும் நிலுவைப் பட்டியலையும் கொடுத்து இரண்டு மணி நேரம் தனியாக விடுகிறோம். எங்கே சரக்கு தேங்குகிறது, யாருக்கு இனிக் கடன் நிறுத்த வேண்டும் என்று எழுதித்தரச் சொல்கிறோம். பிறகு கிட்டங்கியில் ஒரு நாள். படிப்பு பற்றிய கட்டம் தாளின் கடைசியில் இருக்கிறது.

இதைச் சொல்லக் கிட்டங்கிக்குப் போனபோது, மேற்பார்வையாளர் பையிலிருந்து ஒரு உறையை எடுத்துக் காட்டினார். எனக்குத் தெரியாமலே அஞ்சல் வழியில் எம்.பி.ஏ. முடித்திருந்தார், நாற்பத்து மூன்று வயதில், ஞாயிற்றுக்கிழமைகளில், மகளின் பள்ளிக் கட்டணத்தோடு தன் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டி. என்ன படித்தீர்கள் என்று கேட்டேன். "நிதி பாடம் மட்டும் உபயோகமா இருந்துச்சு சார். மத்ததெல்லாம் பரீட்சைக்கு எழுதினேன்" என்றார்.

தேனிக் கிளைக்கு அடுத்த வாரம் மூன்று பேர் சிட்டையோடு உட்காரப்போகிறார்கள். அவர்களில் அவரும் ஒருவர். அந்த உறையைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.