கடுதாசிப்பட்டறை வரை ஒரு நடை

மயிலாடுதுறையில் பஸ் ஏறும்போதே அண்ணன் கட்டளையிட்டுவிட்டார். "தரங்கம்பாடியில் இறங்கிய பிறகு ஆட்டோ என்ற பேச்சே எடுக்கக் கூடாது. ஊரே உள்ளங்கை அளவுதான். நடந்து பார்ப்போம்."

அண்ணன் என்றால் உடன்பிறந்தவர் அல்லர். என்னைவிட எட்டு வயது மூத்த நண்பர். நான் கல்லூரியில் படித்தபோது நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடத்திய கையகலச் சிற்றிதழை அச்சுக் கோத்துக் கொடுத்தவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு அச்சகத்தில் சேர்ந்து, இருபது ஆண்டுகள் ஈய எழுத்துகளோடு வாழ்ந்து, கணினி வந்தபோது வேலையை விட்டவர். இன்றும் எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் முதலில் எழுத்தின் பாயிண்ட் அளவைத்தான் சொல்வார். செய்தி என்ன என்பது அப்புறம். அவரைத் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போக வேண்டும் என்று பத்து ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த மாசியில்தான் வாய்த்தது.

செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் என்று பஸ் நின்று நின்று போனது. இதே தடத்தில் 1926 முதல் 1986 வரை ரயில் ஓடியது. அண்ணன் அதில் பயணம் செய்தவர். "வண்டி போகிற வேகத்தில் இறங்கி வெள்ளரிப்பிஞ்சு வாங்கிவிட்டு ஏறிக்கொள்ளலாம்" என்றார். கொஞ்சம் மிகைதான் என்று நினைக்கிறேன்.

பிரதான சாலையில் இறங்கிக் கிழக்கே திரும்பினால் வெள்ளையடித்த நுழைவாயில். அப்போது இந்த ஊரை ஆண்ட டென்மார்க் நாட்டு டேனிஷ்காரர்கள் 1792-இல் கட்டியது. அதைத் தாண்டியதும் ஊரின் சத்தம் சட்டென்று அடங்கிவிடுகிறது. அகலமான ராஜ வீதி, இரு பக்கமும் தூண் வைத்த வெள்ளைக் கட்டடங்கள், கோடியில் கடல். நேராக நடந்தால் பத்து நிமிடத்தில் அலையில் காலை நனைத்துவிடலாம். எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது.

முதல் காரணம் அண்ணனின் செருப்பு. நுழைவாயிலுக்கு உள்ளே பத்தடி வைப்பதற்குள் வலது கால் வார் அறுந்தது. செருப்புத் தைக்கிறவர் யாரும் கண்ணில் படவில்லை. வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, கேட்காமலேயே தன் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். அதைக் குத்திக்கொண்டு அண்ணன் அன்று முழுவதும் நடந்தார். இரண்டாவது காரணம், அவர் எழுத்து இருக்கும் ஒவ்வொரு கல்லின் முன்னாலும் நின்றது.

வீதியின் ஒரு பக்கம் 1701-இல் கட்டிய சீயோன் ஆலயம். அது டேனிஷ்காரர்களுக்காக. கொஞ்சம் தள்ளி எதிர்ப்புறம் 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம். அது தமிழ்ச் சபைக்காக. சிலுவை வடிவில் கட்டியிருக்கிறார்கள். உள்ளே நல்ல குளிர்ச்சி. பலிபீடத்துக்கு அருகே சீகன்பால்க் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஜெர்மனியின் புல்ஸ்னிட்ஸ் ஊரில் பிறந்து, டென்மார்க் அரசர் கிறித்தவச் சமயப் பணிக்காக அனுப்ப, 1706 ஜூலை 9-ஆம் நாள் புளுட்சோ என்ற தோழருடன் இந்தக் கரையில் இறங்கியவர். 1719 பிப்ரவரியில் இறந்தபோது வயது 36. அண்ணன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "பதின்மூன்று வருஷம்கூட இல்லை. அதில் நடுவில் ஊருக்கு வேறு போய்வந்தார் என்கிறாய். எப்போதுதான் வேலை செய்தார்?"

தமிழ் தெரியாமல் வந்தவர் அவர். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். இதைச் சொன்னதும் அண்ணனுக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. "நான் அச்சகத்தில் சேர்ந்தபோது முதல் ஆறு மாதம் எழுத்து கோக்க விட மாட்டார்கள். கீழே சிந்தின எழுத்தைப் பொறுக்கிக் கேஸில், அதுதான் எழுத்துப் பெட்டியில், அந்தந்தக் கட்டத்தில் போட வேண்டும். எனக்கு அதுதான் மணல்."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழில் முதல் அச்சுப் புத்தகம் தரங்கம்பாடியில்தான் வந்தது என்று பலர் பெருமையாகச் சொல்வார்கள். அன்று வழியில் பேச்சுக் கொடுத்த ஒருவரும் சொன்னார். அது சரியல்ல. போர்ச்சுக்கீசியப் பாதிரியார் ஹென்றிக்ஸின் 'தம்பிரான் வணக்கம்' 1578-லேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது. ஆனால் முதலாவது என்ற பட்டம் இல்லாததால் இந்த ஊருக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. எழுத்து வார்ப்பதற்கும் காகிதம் செய்வதற்கும் ஆளைப் பழக்கி, ஒரு முழு அச்சுத் தொழிலையே இங்கே நட்டுவைத்தார்கள். அதுதான் அண்ணனை இழுத்தது.

சீகன்பால்க் இல்லம் இப்போது அருங்காட்சியகம். அங்கே நின்றுகொண்டு, நான் படித்து வைத்திருந்த கதையை அவருக்குச் சொன்னேன். லண்டனிலிருந்து ஒரு கிறித்தவச் சங்கம் அச்சு இயந்திரத்தையும் காகிதத்தையும், கூடவே ஒரு அச்சுக்காரரையும் கப்பலில் அனுப்பியது. பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். மீட்டுக்கொண்டு கிளம்பினால், வழியில் அந்த அச்சுக்காரர் காய்ச்சலில் இறந்துபோனார். 1712-இல் இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. ஓட்ட ஆளில்லை. இங்கே இருந்த டேனிஷ் சிப்பாய்களில் அச்சு வேலை தெரிந்த ஒருவரைக் கண்டுபிடித்து ஓட்டினார்கள். மறுவருடம் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. ஆனால் அவை பெரிய பெரிய எழுத்துகள். அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் இருக்கிற காகிதம் போதாது.

"அப்புறம்?"

"சின்ன எழுத்து வார்க்க முடிவு செய்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார்களாம்."

அண்ணன் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் சுருங்கியது. "வெறும் ஈயமா? அது மெத்தென்று இருக்குமே. ஆன்டிமனி சேர்க்காவிட்டால் நாலு பாரம் ஓட்டுவதற்குள் முகம் மழுங்கிவிடும். கொம்பும் சுழியும் முதலில் போகும். என்ன கலந்தார்கள் என்று எழுதியிருக்கிறதா?" எனக்குத் தெரியவில்லை. அருங்காட்சியகத்தில் இருந்த இளைஞரிடமும் கேட்டார். அவர் பாவம், இப்படி ஒரு கேள்வியை அதுவரை சந்தித்திருக்க மாட்டார். அந்த மெத்தென்ற ஈயமோ, வேறு எதுவோ, 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுதாக வந்துவிட்டது.

பழைய அச்சுப் பக்கம் ஒன்றின் படத்தின் முன்னால் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நெடுநேரம் நின்றார். எனக்கு அதில் ஒரு வரி படிக்கச் சிரமமாக இருந்தது. ஓலையில் எழுதிய வழக்கப்படியே மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. ர எது, கால் எது என்று இடம் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். அவரோ சரளமாகப் படித்தார். கண்ணாடி பிம்பமாக, தலைகீழாகப் படித்துப் பழகியவருக்குப் புள்ளி இல்லாதது ஒரு தடையா? "இது கம்போசிட்டருக்குச் சுகம் தம்பி. கட்டம் குறைவு. நான் தொழில் பழகினபோது பழைய லை, னை எல்லாம் இன்னும் கேஸில் கிடந்தன. 78-இல் சீர்திருத்த எழுத்து வந்தும் எங்கள் முதலாளி அவற்றைத் தூக்கிப்போடவில்லை. கல்யாணப் பத்திரிகைக்குப் பெரியவர்கள் கேட்பார்கள் என்று வைத்திருந்தார்."

கோட்டையைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. எல்லோரும் படம் எடுத்துப் போடுவது அதைத்தான். தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கருடன் 1620-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க். கீழ்த்தளத்தில் கிடங்கும் சிறையும், மேல்தளத்தில் அதிகாரிகள் இருந்த அறைகள். நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஏட்டில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் மற்ற இடங்களையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அண்ணனுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை. கோட்டைத் தளபதியோடு ஏற்பட்ட தகராறில் சீகன்பால்கை நாலு மாதம் அடைத்து வைத்தது இங்கேதான் என்றதும் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். தன் நாட்டு அரசர் அனுப்பிய ஆளையே சிறையில் போடுவார்களா என்று கேட்டார். வியாபாரிக்கு அரசர் தூரம், கணக்குப் புத்தகம் பக்கம் என்றேன். ஒப்புக்கொண்டார்.

கடற்கரையில் காற்று அபாரம். ஓசோன் நிறைந்த காற்று என்று இந்த ஊருக்கு ஒரு பெயர் உண்டு. ஆழ்ந்து மூச்சிழுக்கச் சொல்லி அறிவுரை வேறு. ஓசோன் வானத்தின் உச்சியில் இருந்தால்தான் நமக்கு நல்லது, மூக்கருகில் வந்தால் நுரையீரலுக்குக் கேடு. எனவே ஓசோனை நம்பாமல் வெறும் கடல் காற்றை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

கோட்டைக்கு வடக்கே, கடலை ஒட்டியபடி மாசிலாமணி நாதர் கோயில். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அந்தக் கோயில் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. அலைகள் பாடுவதால் தரங்கம்பாடி என்ற அழகான விளக்கம் இருக்கட்டும், பழைய பெயர் இதுதான். பாடியதோ இல்லையோ, அலைகள் கோயிலின் முன்பகுதியைக் கொண்டுபோய்விட்டன. இப்போது கருங்கல் பாறைகளைக் கொட்டிக் கடலைத் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பாறை ஒன்றில் உட்கார்ந்தோம். 2004 டிசம்பரில் இந்த மீனவர் தெருக்களில் கடல் புகுந்த கதையை, வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு மறுபடி வலைக்குத் திரும்பினார். நாங்களும் மேற்கொண்டு கேட்கவில்லை.

மதியம் மீன் குழம்பும் சோறும். அண்ணன் மூன்று முறை சோறு வாங்கினார். ஊக்கு இன்னும் தாங்கியது.

சாப்பிட்டதும் திரும்பிவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். அவர் விடவில்லை. "காகிதம் செய்த இடம் எங்கே?" பொறையார் பக்கம் கடுதாசிப்பட்டறை என்ற பெயரில் ஓர் இடம் இருக்கிறது, அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். ஒன்றும் இல்லாததைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். உச்சி வெயில் சாய்ந்திருந்தாலும் தார் ரோடு கொதித்தது. கோட்டைக்கும் கோயிலுக்கும் நடக்கும்போது தெரியாத களைப்பு, ஒன்றும் இல்லாத இடத்துக்கு நடக்கும்போது நன்றாகவே தெரிந்தது.

போய்ச் சேர்ந்தோம். வீடுகள், தென்னை, இரண்டு ஆடு, ஒரு பெட்டிக்கடை. கந்தலை ஊறவைத்துக் கூழாக்கிக் காகிதம் எடுத்த பட்டறை இங்கே எங்கேயோ இருந்தது. அது நெடுநாள் ஓடவில்லை. பெயர் மட்டும் முந்நூறு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. கடுதாசி என்ற சொல்லே போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்தது. எங்கள் பாட்டி கடிதத்துக்கும் அதைத்தான் சொல்வாள், காகிதத்துக்கும் அதைத்தான்.

பெட்டிக்கடையில் இருந்த அம்மாவிடம் அண்ணன் கேட்டார். "ஏம்மா, இந்த இடத்துக்கு ஏன் இப்படிப் பெயர்?"

"யாராவது கடுதாசி எழுதுகிறவர் இருந்திருப்பார். இப்போது யார் எழுதுகிறார்கள்? எல்லாம் போன்தான்."

அண்ணன் அந்த அம்மாவைத் திருத்தவில்லை. இரண்டு கடலை மிட்டாயும் கொஞ்சம் காராபூந்தியும் கேட்டார். பூந்தியைப் பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார் அந்த அம்மா. கடை வாசலில் நின்றபடியே தின்று முடித்தோம். அவர் தாளை வீசாமல் தொடையில் வைத்து நீவிவிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்.

"ஒன்பது பாயிண்ட். தாள் மட்டம்."

அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. நிறுத்தம் கொஞ்சம் தள்ளி இருந்ததால் ஓட வேண்டியிருந்தது. பாதி வழியில் ஊக்கு தெறித்துப்போக, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என்னை முந்திப் போய் ஏறிவிட்டார் அண்ணன்.