சித்தப்பாவின் பேஜ்மேக்கரும் என் உபுண்டுவும்

தாராவி 90 அடி ரோட்டில் சித்தப்பாவுக்குச் சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, நெல்லைப் பக்கத்துக் கோயில் கொடை நோட்டீஸ் எல்லாமே பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 மென்பொருளில், பாமினி எழுத்துருவில்தான். போன மழையில் அந்த விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்தது. லேமிங்டன் ரோட்டில் ஒரு கேபிள் வாங்கி, ஃபைல்களை என் லேப்டாப்புக்கு இறக்கினேன். அதில் ஓடுவது உபுண்டு என்ற லினக்ஸ், சித்தப்பாவின் பேஜ்மேக்கரோ விண்டோஸுக்கானது.

ஃபைல் இருந்து என்ன? பாமினி, இன்று எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு முந்தைய ஏற்பாடு. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் மாட்டியிருப்பார்கள். வேறு எங்காவது ஒட்டினால் ‘அம்மன்’ போய், எம், கே, அரைப்புள்ளி, கே, டி, அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். யூனிகோடுக்கு மாற்றலாம்தான், பக்க அமைப்பு கையோடு போய்விடும். சித்தப்பாவின் கவலை வேறு. “எலே, கோயில் வரி குடுத்த வரிதாரர் லிஸ்ட்ட மறுபடி அடிச்சா ஒருத்தன் பேரு மேல கீழ போயிரும். ஊர்ல யாரு பதில் சொல்ல?”

சரி, லேப்டாப்புக்குள்ளேயே ஒரு எக்ஸ்பி கம்ப்யூட்டரை உண்டாக்குவோம் என்று, அதற்கான விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைப் போட்டேன். தம்பியின் எம்1 மேக் இதைவிட வேகம். ஆனால் அது ஆர்ம் சிப். எக்ஸ்பியோ இன்டெல் வகையான எக்ஸ்86 சிப்புக்கு எழுதியது. ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்து ஓட்டினால் நத்தைதான். என் பழைய இன்டெலில் அந்தத் தொல்லை இல்லை, கட்டளைகள் நேரே சிப்பிலேயே ஓடும்.

முதல் அடி பயாஸில், அதாவது லேப்டாப் ஸ்டார்ட் ஆகும்போதே வரும் அமைப்புத் திரையில். இப்படிக் கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டரை ஓட்ட சிப் தரும் விர்ச்சுவலைசேஷன் வசதி அணைந்து கிடந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்து, எஃப்2 அழுத்தி, அதைத் தேடி இயக்கினேன். அடுத்தது நீலத் திரை, கடைசியில் 7பி என்ற எண்ணோடு. இதில் ஓர் இரவு போனது. விர்ச்சுவல் டிஸ்க்கை நான் சாட்டா என்ற புது வகை இணைப்பில் மாட்டியிருந்தேன். எக்ஸ்பி சிடியில் அதற்கு டிரைவர் கிடையாது, டிஸ்க்கே அதன் கண்ணில் படவில்லை. பழைய ஐடிஇ இணைப்புக்கு மாற்றியதும் எக்ஸ்பி ஏறிவிட்டது. 1 ஜிபி ராம், 20 ஜிபி டிஸ்க், தாராளம்.

நெட்வொர்க்கைக் கழற்றிவிட்டேன். 2014 ஏப்ரலோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன எக்ஸ்பியை இணையத்தில் விடுவது கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது மாதிரி. ஃபைல் போகவர, விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸ் போட்டு ஒரு பகிர்வு ஃபோல்டர். அப்புறம் பேஜ்மேக்கரையும் பாமினியையும் ஏற்றி, பக்கத்தை அச்சுக்கு விவரிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழிக்கான ஒரு பிரிண்டர் டிரைவரை நிறுவி, ‘ஃபைலுக்கு அச்சிடு’ கொடுத்தேன். வந்த ஃபைலை உபுண்டுவில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் பிடிஎஃப் ஆக்கியது. அச்சுக்குப் பிளேட் போடுபவர் கேட்பதும் பிடிஎஃப்தான்.

பேஜ்மேக்கரில் நோட்டீஸை முழுத் திரையில் திறந்துவைத்தேன். சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு லிஸ்ட்டை மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார். ஒரு பெயருக்கு முன்னால் ‘அமரர்’ சேர்த்தார். வரிசையில் கை வைக்கவில்லை.