அரசாணையின் கடைசிப் பத்தி

விசிட்டிங் கார்டில் 'திட்ட ஒருங்கிணைப்பாளர்' என்று போட்டிருக்கும். ஆனால் நான் செய்யும் வேலை, அரசு வெளியிடும் தாள்களைப் படித்துச் சொல்வது. அரசாணை, சுற்றறிக்கை, கொள்கை விளக்கக் குறிப்பு, பட்ஜெட் புத்தகம் எது வந்தாலும் என் மேசைக்கு வந்துவிடும். நாங்கள் நடத்துவது மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்கான மறுவாழ்வு இல்லம் ஒன்று, அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளி ஒன்று. வந்த தாளால் இந்த இரண்டு இடத்திலும் என்ன மாறும், யாருடைய சம்பளம் தள்ளிப்போகும், எந்தப் பதிவேட்டைப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று திங்கட்கிழமைக் கூட்டத்தில் நான் சொல்ல வேண்டும்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அரசாணையை மேலிருந்து படிப்பார்கள். முதலில் 'படிக்க' என்று பழைய ஆணைகளின் பட்டியல். பிறகு பேரவையில் அமைச்சர் அறிவித்தது, துறை இயக்குநர் கருத்துரு அனுப்பியது, அரசு கவனமாகப் பரிசீலித்தது எல்லாம் வரிசையாக வரும். படிக்க நன்றாகவே இருக்கும். நான் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குவேன். செலவினத்தை எந்தக் கணக்குத் தலைப்பில் பற்று வைப்பது என்று நீளமான எண் ஒன்று அங்கே இருக்க வேண்டும். அதற்குக் கீழே, 'இவ்வாணை நிதித்துறையின் அலுவல் சார்பற்ற குறிப்பு எண் இன்னது, நாள் இன்னது, இதில் பெறப்பட்ட இசைவுடன் வெளியிடப்படுகிறது' என்ற பத்தி இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் பணம் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். எப்போது வந்து சேரும் என்பது வேறு கதை. இரண்டும் இல்லாமல் 'கொள்கை அளவில் ஏற்கப்படுகிறது' என்று மட்டும் இருந்தால் கோப்பில் வைத்துவிட்டு மறுவேலை பார்க்கலாம். செய்தித்தாளில் இரண்டுக்கும் ஒரே அளவு தலைப்புதான் போடுவார்கள். பெற்றோர்கள் அதைப் பார்த்துவிட்டு போன் செய்வார்கள்.

இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். ஒரு கொள்கையில் 'நீங்கள் இதைச் செய்ய வேண்டும்' என்று சொல்லும் பகுதியும், 'அதற்கு இவ்வளவு தருகிறோம்' என்று சொல்லும் பகுதியும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. முதலாவது வெளியான அன்றே அமலுக்கு வந்துவிடும். இரண்டாவது நிதியாண்டு பார்த்து, ஒப்பளிப்பு என்கிற செலவு அனுமதி பார்த்து, தவணை பார்த்து நிதானமாக வரும்.

மனநலச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பி ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. எங்கள் துறையில் உரிமம், ஆய்வு என்று எதைப் பேசினாலும் பேச்சு அங்கே போய் நிற்பது நியாயம்தான். எந்த வகையிலும் யாரையும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆவது பிரிவு நேரடியாகவே சொல்கிறது. மயக்க மருந்து இல்லாமல் மின்னதிர்வுச் சிகிச்சை தருவதையும் அதே பிரிவு தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 115ஆவது பிரிவு. நல்ல சட்டம். பழைய 1987 சட்டத்தோடு வேலை பார்த்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று தெரியும்.

இந்தச் சட்டம் 2018இல் அமலுக்கு வந்த பிறகு இல்லங்களுக்குக் கேள்விப் பட்டியல் உடனே வந்தது. தீயணைப்புத் துறைச் சான்று, கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, மருத்துவர் வந்துபோகும் பதிவேடு, மருந்துப் பதிவேடு, சேர்க்கைக்கான புதிய படிவங்கள். எல்லாம் அவசியம், மறுக்கவில்லை. ஆனால் மத்திய பட்ஜெட்டில் தேசிய மனநலத் திட்டத்துக்கு 2018-19இல் ஒதுக்கியது 50 கோடி ரூபாய், அடுத்த ஆண்டு 40 கோடி. அமலுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத சட்டத்துக்குக் கிடைத்த மரியாதை அது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொல்லி அதற்குள் சில வருடங்கள் ஆகியிருந்தன. மாவட்ட மனநலத் திட்டத்துக்குத் தேசிய நலவாழ்வு இயக்கம் வழியாகத் தனியாகப் பணம் போகிறது என்று விளக்கம் சொல்வார்கள். போகிறது, உண்மைதான். ஆனால் அது மருத்துவமனைக்கும் முகாமுக்கும் போகிற பணம். குணமான பிறகு ஒருவர் எங்கே தங்குவது, என்ன வேலை செய்வது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

இந்த வேலையில் என்னை அதிகம் சோர்வாக்குவது இந்த இடம்தான். மனநலப் பராமரிப்புச் சட்டம் மத்தியில் சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பு. மனநோயை 21 வகை ஊனங்களில் ஒன்றாக ஏற்கும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சமூக நீதி அமைச்சகத்தின் பொறுப்பு. மாநிலத்திலும் அப்படியே. பட்ஜெட்டில் துறைவாரியாகப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகளில் சுகாதாரம் எண் 19இல் வருகிறது, மாற்றுத்திறனாளிகள் நலம் 53இல். நோயாக இருக்கும்வரை ஒரு துறை, ஊனம் என்று சான்று வாங்கியதும் இன்னொரு துறை. எங்கள் இல்லம் போன்ற இடங்களுக்கு மாநில மனநல ஆணையத்தில் பதிவு வேண்டும், மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழும் பதிவு வேண்டும். ஒரே கட்டடத்தை இரண்டு குழுக்கள் வந்து பார்த்துவிட்டுப் போகும். நிதி கேட்டுப் போனால் மட்டும் இது அந்தத் துறை, அது இந்தத் துறை என்ற பேச்சு வரும். மத்திய அரசின் தீனதயாள் மறுவாழ்வுத் திட்டத்தில் சிகிச்சை முடிந்தவர்களுக்கான இடைநிலை இல்லங்களுக்கு மானியம் உண்டு. அதைத் தருவது சமூக நீதி அமைச்சகம், மருத்துவ விஷயத்தில் கேள்வி கேட்பது சுகாதாரத் துறை.

சிறப்புப் பள்ளிப் பக்கம் வந்தால் எனக்கு மூச்சு கொஞ்சம் சீராகிவிடும். அங்கேயும் தாமதம் உண்டு, ஆனால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பம் இல்லை. அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 1500 ரூபாயாக இருந்து 2000 ஆனபோது, ஆணை வந்தது, கணக்குத் தலைப்பு இருந்தது, வங்கிக் கணக்கில் பணமும் ஏறியது. ஆதார் இணைப்பில் சிக்கியவர்களுக்கு மட்டும் அலைச்சல். இதையே மத்திய அரசின் இந்திரா காந்தி ஊனமுற்றோர் ஓய்வூதியத்தோடு வைத்துப் பாருங்கள். 80 சதவீதத்துக்கு மேல் பாதிப்பு, வறுமைக்கோட்டுக்குக் கீழே என்று இரண்டு கதவையும் தாண்டி வந்தவருக்கு மத்தியப் பங்கு மாதம் 300 ரூபாய். 2012இல் 200இலிருந்து 300 ஆக்கினார்கள், அதோடு சரி. மாநிலம் தன் பங்கைச் சேர்ப்பதால்தான் அந்தத் தொகையைக் கூச்சமில்லாமல் வெளியே சொல்ல முடிகிறது.

சான்றிதழ் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மனநோயால் வரும் ஊனத்தை அளக்க 'ஐடியாஸ்' என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என நான்கு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், பாதிப்பு கூடினால் மதிப்பெண்ணும் கூடும். நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்குத் தனி மதிப்பெண். மொத்தம் 7 வந்தால் 40 சதவீதம். சட்டத்தில் உள்ள பெரும்பாலான சலுகைகளுக்கு வாசல் அந்த 40தான். 6 வந்தால் ஊன அடையாள அட்டை கிடைக்கும், அதை வைத்துப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

சான்றுக்காக மதிப்பெண் போடும் முகாம் நாளில் நடப்பதைப் பார்க்க வேண்டும். பையனுக்கு முப்பது வயது தாண்டியிருக்கும். அம்மா விடியற்காலையில் எழுந்து அவனைக் குளிப்பாட்டி, சவரம் செய்துவிட்டு, தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக் கூட்டி வந்திருப்பார். பெரிய டாக்டரைப் பார்க்கப் போகிறோம் அல்லவா. டாக்டர் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, தானா குளிச்சுக்குவியா?" என்பார். அவன் தலையாட்டுவான். அம்மாவும், "குளிச்சுக்குவான் சார், நல்லா இருக்கான் சார்" என்பார். பிள்ளையை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? முதல் தலைப்பில் மதிப்பெண் 0. வரிசையில் இன்னும் அறுபது பேர் நிற்கிறார்கள், டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாங்கள் இப்போது முகாமுக்கு முந்தைய வாரமே வீட்டுக்குப் போய், ஒரு சாதாரண நாளில் என்ன நடக்கிறது என்று எழுதி வாங்கிவிடுகிறோம். காலையில் யார் எழுப்புகிறார்கள், எத்தனை தடவை சொன்னால் பல் தேய்க்கிறான், கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையோடு திரும்பி வருகிறானா என்று. சமூகப் பணியாளர் அந்தத் தாளை டாக்டரிடம் கொடுப்பார். நல்ல டாக்டர்கள் வாங்கிப் படிக்கிறார்கள்.

இதில் புதிய செய்தி, 2024 அக்டோபரில் வந்த விதித் திருத்தம். யு.டி.ஐ.டி என்கிற அந்த அடையாள அட்டைக்கு 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80க்கு மேல் நீலம் என்று நிறம் கொடுத்தார்கள். சான்று வழங்குவதற்கான கால வரம்பை ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதம் ஆக்கினார்கள். நிறம் வந்ததைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். கால வரம்பு மும்மடங்கானதைப் பற்றி அதிகம் பேச்சு எழவில்லை. என்னைக் கேட்டால் முன்னது அலங்காரம், பின்னதுதான் கொள்கை.

மானியத்துக்கு வருவோம். முதல் தவணையை எப்படிச் செலவழித்தோம் என்று பயன்பாட்டுச் சான்று கொடுத்தால்தான் அடுத்த தவணை. அதற்கு ஜி.எஃப்.ஆர் 12-ஏ என்று படிவம். தணிக்கையாளர் கையெழுத்து, செலவு விவரம், கூடவே சொத்துப் பதிவேட்டின் நகலும் கேட்பார்கள். முதல் தவணையே மார்ச் மாதம் வந்தால் என்ன செய்வது? அதுவரை சம்பளத்தைக் கடன் வாங்கிக் கொடுத்திருப்போம். வந்த பணம் கடனை அடைக்கப் போகும், அந்தக் கடனுக்குக் கட்டிய வட்டியை எந்தத் தலைப்பிலும் காட்ட முடியாது. எங்கள் ஆடிட்டர் பொறுமையானவர். "வட்டி உங்க டிரஸ்டோட பிரச்சினை சார், அரசாங்கத்தோட பிரச்சினை இல்ல" என்று வருடா வருடம் அதே குரலில் சொல்வார். சிறப்பாசிரியர்கள் இதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டார்கள். பழகாதவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பி.எட் சிறப்புக் கல்வி முடித்த ஒருவரை இந்தச் சம்பளத்தில், அதுவும் தேதி தெரியாத சம்பளத்தில், பிடித்து வைப்பது பெரிய பாடு.

வெளிநாட்டு நன்கொடை ஒரு காலத்தில் இந்த இடைவெளியை அடைத்தது. 2020 செப்டம்பரில் அந்த நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவு வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கினார்கள். கணக்கு டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரு குறிப்பிட்ட கிளையில்தான் தொடங்க வேண்டும், வந்த நிதியை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்து கொடுக்கவும் கூடாது என்றானது. விதியில் மருத்துவர் சம்பளமும் பள்ளி ஆசிரியர் சம்பளமும் நிர்வாகச் செலவு ஆகாது என்று இருக்கிறது, பின்னால் 'முதலியன' என்றும் இருக்கிறது. எங்கள் மனநல ஆலோசகர் அந்த 'முதலியன'வுக்குள் வருவாரா மாட்டாரா என்பதே ஒரு கூட்டத்தின் முழு நேரத்தையும் தின்றது.

மாநிலத்தில் இப்போது பெரிதாக ஓடுவது உலக வங்கிக் கடனோடு மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கும் உரிமைகள் திட்டம், 1,763 கோடி ரூபாய். 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வருகின்றன. இயன்முறைச் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் என்பது பெற்றோருக்கு நிஜமான நிம்மதி, கேலி செய்ய ஒன்றுமில்லை. நான் அங்கே கேட்பது இரண்டு கேள்விதான். திட்டக் காலம் முடிந்த பிறகு அந்தச் சிகிச்சையாளர்களின் சம்பளம் எந்தக் கணக்குத் தலைப்புக்கு மாறும்? மனநோய் உள்ளவர் அந்த மையத்துக்குள் வந்தால் அவருக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

இரண்டாவது கேள்வி, மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவோடு சேர்ந்தது. குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது, சமூகத்தில் வாழ ஏற்பாடு செய்ய வேண்டியது அரசின் கடமை என்கிறது அந்தப் பிரிவு. எங்கள் இல்லத்திலேயே ஏழெட்டுப் பேர் தனியாக வீடு எடுத்துத் தங்கும் அளவுக்குத் தேறியிருக்கிறார்கள். வீட்டு வாடகை, முன்பணம், வாரம் இருமுறை போய்ப் பார்க்க ஒரு பணியாளர், அவ்வளவுதான் தேவை. இல்லத்தில் ஒருவருக்கு ஆகும் செலவைவிட இது குறைவுதான், கணக்குப் போட்டும் கொடுத்திருக்கிறோம். சுகாதாரத் துறையில், அவர்தான் நோயாளி இல்லையே என்றார்கள். மாற்றுத்திறனாளிகள் நலத் துறையில், இல்லத்தில் இருப்பவர்களுக்குத்தான் தலைக்கு இவ்வளவு என்று மானியம், வெளியே போனவருக்கு வழியில்லை என்றார்கள். அந்த அலுவலர் நல்லவர், தேநீர் வரவழைத்துக் கொடுத்துத்தான் சொன்னார்.

இரண்டு துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகளும் ஒவ்வோர் ஆண்டும் பேரவையில் வெவ்வேறு நாளில் வைக்கப்படுகின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிகிச்சை முடிந்து வெளியே வாழ்பவருக்கான செலவு என்று ஒரு வரி எங்காவது இருக்கிறதா என்று நான் தேடுவது வழக்கம். எந்தத் துறையில் வந்தாலும் சரி, கணக்குத் தலைப்போடு வந்தால் போதும். இந்த வருடம் எங்கள் கருத்துருவை இரண்டு துறைச் செயலாளர்களுக்கும் ஒரே கடிதமாக, ஒருவருக்கு அனுப்பிய நகலை மற்றவருக்குக் காட்டி அனுப்பியிருக்கிறோம். ஒரு துறையிலிருந்து, 'தங்கள் கடிதம் உரிய நடவடிக்கைக்காக மற்ற துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று பதில் வந்திருக்கிறது.