லேத்தில் நின்றவன் கேட் எழுதினால்

டிப்ளமோ முடித்து, கோவை கணபதியில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் இரண்டு வருடம் லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) நின்றேன். அப்புறம் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேர்ந்து, கடைசி வருடத்தில் எம்.டெக். ஆசையில், அதன் சேர்க்கைக்கான தேசியத் தேர்வான கேட் எழுதினேன். தேர்ந்தெடுத்தது பி.ஐ. தாள், அதாவது புரொடக்‌ஷன் அண்ட் இண்டஸ்ட்ரியல். வார்ப்பு, வெல்டிங், கடைசல், அளவெடுப்பு எல்லாம் கை பழகிய விஷயம்தானே என்ற தெனாவெட்டு. முதல் தடவை தகுதி மதிப்பெண்கூட வரவில்லை.

வேகத்தைக் கூட்டினால் டூல் சீக்கிரம் தேயும் என்பது லேத் பிடித்த எவனுக்கும் தெரியும். எவ்வளவு சீக்கிரம் என்று கேட்கிறது தேர்வு. வேகத்தையும் டூல் ஆயுளையும் இணைக்கும் டெய்லர் சமன்பாட்டில் (VTⁿ = C) கார்பைடு டூலுக்கு n மதிப்பு 0.25 என்று வைத்துக்கொண்டால், வேகத்தை 20 சதவீதம் ஏற்றும்போது டூல் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலுக்கு n சுமார் 0.125, அங்கே கால் பங்குகூட மிஞ்சாது. டூல் நுனியில் மாட்டும், தேய்ந்தால் மாற்றும் வெட்டுத் துண்டுதான் இன்சர்ட். "ஆர்.பி.எம். ஏத்தாதீங்க தம்பி, இன்சர்ட் காசு நீங்களா தர்றீங்க?" என்று பட்டறை அண்ணன் கத்தியதன் கணக்கு, இதைப் போட்டுப் பார்த்த அன்றுதான் விளங்கியது.

இரண்டாவது தடவை படிப்பையே இப்படி மாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு சூத்திரத்துக்கும் பக்கத்தில், பட்டறையில் அதை எங்கே பார்த்தேன் என்று ஒரு வரி எழுதினேன். ஃபீட் (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்) 0.2 மி.மீ., டூல் முனை ஆரம் 0.8 மி.மீ. என்றால், ஃபீட்டின் வர்க்கத்தை எட்டு மடங்கு ஆரத்தால் வகுக்க, கடைந்த பரப்பில் மேடு பள்ளத்தின் உயரம் 6.25 மைக்ரான். ஃபீட்டைப் பாதியாக்கினால் அது 1.56. ஃபினிஷிங் கட்டில் ஃபீட்டைக் குறைக்கச் சொல்வது எதனால் என்று தெரிந்த பிறகு அந்தச் சூத்திரம் மறக்கவே இல்லை. பட்டறைப் பக்கமே போகாதவர்கள் கல்லூரி லேப்பில் செய்த ஜாபை வைத்தே இதைச் செய்யலாம்.

ஆனால் கை அனுபவம் உதவாத இடங்களும் உண்டு. முதல் தடவை நான் கவிழ்ந்ததும் அங்கேதான். பொறியியல் கணிதம், நம்பகத்தன்மை, ஆபரேஷன்ஸ் ரிசர்ச் மூன்றையும் 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளினேன். உண்மையில் கடைசிப் பகுதியில் வரும் சிம்ப்ளெக்ஸ், போக்குவரத்துக் கணக்கு, இ.ஓ.க்யூ. (ஒரு தடவைக்கு எவ்வளவு சரக்கு வாங்குவது), பெர்ட் (வேலைத்திட்டத்தின் காலக் கணக்கு) எல்லாம் வழி பழகிவிட்டால் உறுதியான மதிப்பெண். பொது ஆப்டிட்யூட் மட்டுமே 15. நான் அதற்கு ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை, சுத்த முட்டாள்தனம்.

தேர்வு 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். ஒரே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் அதன் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போகும். எண்ணாக விடை தருபவற்றில் கழிப்பதில்லை, எனவே அவற்றைக் காலியாக விடாதீர்கள். கால்குலேட்டர் திரையில்தான், மவுஸால் ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். வீட்டில் அதிலேயே பழகுங்கள். ஒரு மாதிரித் தேர்வில் உலோகம் வெட்டும் கணக்கு ஒன்று: சிப் விகிதம் 0.4, ரேக் கோணம் 10 டிகிரி, ஷியர் கோணம் கேட்டிருந்தார்கள். எனக்கு மைனஸில் விடை வந்தது. கேள்வியே தப்பு என்று பத்து நிமிடம் குழம்பிக்கொண்டிருந்தேன். கால்குலேட்டர் ரேடியனில் இருந்திருக்கிறது. சரியான விடை சுமார் 22.9 டிகிரி.

மதிப்பெண் வந்ததும் ஐ.ஐ.டி.களுக்கு விண்ணப்பித்துவிட்டு கோஆப்பிலும் (சேர்க்கை வாய்ப்பை ஏற்கும் பொதுத் தளம்), என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி.யிலும் (பொதுக் கலந்தாய்வு) தனித்தனியாகப் பதிய வேண்டும். திருச்சி என்.ஐ.டி.யில் உற்பத்தித் தொழில்நுட்பத்துக்கென்றே எம்.டெக். இருக்கிறது. கேட் ஸ்கோர் 3 ஆண்டு செல்லும். கேட் வழி சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு; வீட்டில் கேட்காமல் படிக்க எனக்கு அதுதான் தெம்பு.

எம்.டெக். முதல் செமஸ்டரில் ஃபைனைட் எலிமென்ட் (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) என்னைப் பிழிந்தெடுத்தது. பிடித்துப் போனது பரிசோதனை வடிவமைப்பு. நான்கு காரணிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை என்றால் மொத்தம் 81 சேர்க்கை. ஜப்பானியப் பொறியாளர் டகுச்சியின் எல்9 அட்டவணையில் 9 சோதனை ஓட்டம் போதும். எல்லாவற்றுக்கும் இது ஒத்துவராது, காரணிகள் ஒன்றையொன்று பாதித்தால் முடிவு கலங்கிவிடும். என் ஆய்வுக்கு அதையே எடுத்துக்கொண்டேன். லேப்பில் டயல் கேஜ் வைத்து ஜாபை நேராக்க எனக்கு ஆள் தேவைப்படவில்லை என்பதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஓட்டத்துக்கு ஒரு புது முனை என்று ஒன்பது முனை. நாலு முனை இன்சர்ட்டில் மூன்று. முடித்த அன்று பட்டறை அண்ணனுக்கு போன் போட்டேன். "எத்தனை இன்சர்ட் போச்சு?" என்றார். சொன்னேன். "மூணுதானா? இதை இங்கயே ஒரு நாள்ல முடிச்சிருப்பீங்களே தம்பி!"