ஈலேப் புதிய பதிப்பு: எங்கள் ஆய்வகத்தில் எது உதவியது, எது சும்மா கிடக்கிறது

ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில், புரதங்களை ஆராயும் சின்னக் குழு ஒன்றில் வேலை செய்கிறேன். இப்படிப்பட்ட குழுக்களில் கணினி கொஞ்சம் தெரிந்தவர் யாரோ அவர் தலையில்தான் சர்வர் வந்து விழும். எங்கள் குழுவில் அது என் தலை. பரிசோதனைகளை நாங்கள் பதிவு செய்வது ஈலேப்எஃப்டிடபிள்யூ என்ற மென்பொருளில். பாரிஸில் உள்ள கியூரி நிறுவனத்தில் நிக்கோலா கார்ப்பி என்பவர் உருவாக்கத் தொடங்கியது. ஏஜிபிஎல் உரிமத்தில் வரும் திறமூல மென்பொருள் என்பதால் யாரும் தங்கள் சர்வரில் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் முழுப் பெயரை எழுத எனக்குப் பொறுமை இல்லை, இனி ஈலேப்.

ரொம்ப நாளாகப் பழைய பதிப்பிலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தோம். அதையும் வெறும் தட்டச்சுப் பலகை மாதிரிதான் பயன்படுத்தினோம்: தலைப்பு, தேதி, கீழே நீளமாக ஒரு பத்தி, அதற்கும் கீழே ஜெல் படம் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்த ஜெல்லின் புகைப்படம்). புதிய பதிப்புக்குப் போக வைத்தது ஒரு ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடித்து ஒட்டும் மூலக்கூறு. வெஸ்டர்ன் பிளாட் என்பது, ஜெல்லில் பிரித்த புரதங்களை ஒரு சவ்வுக்கு மாற்றி, தேடும் புரதத்தை ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் சோதனை. ஆண்டுக்கணக்கில் ஒரே ஒரு பட்டை காட்டிவந்த வெஸ்டர்ன் பிளாட்டில் திடீரென்று இரண்டாவதாக ஒரு பட்டை. பாலிகுளோனல் ஆன்டிபாடி அது. விலங்கின் ரத்தத்திலிருந்து எடுப்பது என்பதால் லாட்டுக்கு லாட், அதாவது தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி, குணம் மாறும். சரி, நன்றாக வந்த பழைய பிளாட்டுகளில் எந்த லாட் போட்டோம் என்று பார்க்கலாம் என்று தேடினால், எல்லாக் குறிப்பிலும் ஒரே வாசகம்: "முதன்மை ஆன்டிபாடி, 1:1000, இரவு முழுவதும், 4 டிகிரி." லாட் எண் ஒன்றில்கூட இல்லை.

பேராசிரியருக்கு வேறு கவலை. ஜெர்மன் ஆராய்ச்சி அறக்கட்டளையான டிஎஃப்ஜி 2019-இல் வெளியிட்ட நல்லாராய்ச்சி நெறிமுறைப்படி, ஆய்வுத் தரவுகளை வழக்கமாக 10 ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும். "பத்து வருஷம் வைத்திருப்பது பெரிய விஷயமில்லை, பத்து வருஷம் கழித்து யாருக்காவது புரியுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

முதலில் பேக்கப். இதே வேலையைச் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஈலேப்பின் தரவு இரண்டு இடத்தில் இருக்கிறது. எழுத்துகள் எல்லாம் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில். ஏற்றிய படங்கள், கோப்புகள் எல்லாம் தனி ஃபோல்டரில். தரவுத்தளத்தை மட்டும் எடுத்து வைத்தால் ஜெல் படம் ஒன்றுகூட மிஞ்சாது. மூன்றாவதாக அமைப்புக் கோப்பு. அதிலுள்ள ரகசியச் சாவியைக் கொண்டுதான் மின்னஞ்சல் சர்வரின் கடவுச்சொல் போன்றவை மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதையும் சேர்த்து எடுத்து வையுங்கள். மூன்றையும் எடுத்து, மேசைக்கு அடியில் கிடந்த ஒரு பழைய கணினியில் அப்படியே இன்னொரு ஈலேப்பை எழுப்பிப் பார்த்தேன். எழுப்பிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

புதுப்பிப்பது அதற்கப்புறம் பெரிய வேலையில்லை. மென்பொருளைத் தேவையானவற்றோடு ஒரே பொட்டலமாக ஓட்டும் டாக்கரில் மொத்தமும் ஓடுவதால், புதிய இமேஜை (பொட்டலத்தை) இறக்கி, கன்டெய்னரை (ஓடும் பொட்டலத்தை) மறுபடி கிளப்பி, தரவுத்தள அமைப்பைப் புதுப்பிக்கும் கட்டளையை ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். பல பதிப்புகளைத் தாண்டிப் போவதாக இருந்தால் இடைப்பட்ட வெளியீட்டுக் குறிப்புகளை ஒன்றுவிடாமல் படித்துவிடுங்கள்.

உண்மையான வேலை அடுத்து வந்தது. ஈலேப்பில் டெம்ப்ளேட்டுகளுக்குள், அதாவது பதிவுகளுக்கான மாதிரிப் படிவங்களுக்குள், நாமே கட்டங்களை அமைக்கலாம். எழுத்து, எண், தேதி, பட்டியலிலிருந்து தேர்வு, டிக் அடிக்கும் பெட்டி, இன்னொரு பதிவுக்கான இணைப்பு என்று பல வகை. எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் தேர்ந்தெடுக்க வைக்கலாம். மைக்ரோமோலார், நானோமோலார் குழப்பத்தில் வெந்து நொந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சில கட்டங்களைக் கட்டாயம் என்றும் குறிக்கலாம்.

வெஸ்டர்ன் பிளாட்டுக்கு முதலில் போட்ட டெம்ப்ளேட்டைப் பார்த்தால் விசா விண்ணப்பம் தோற்றுவிடும். ஜெல்லின் சதவீதம், மின்னழுத்தம், மாற்றும் முறை, சவ்வின் வகை, தடுக்கும் கரைசல், கழுவும் நேரம், எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். குழுவில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் திருநெல்வேலித் தம்பி ஒருவர் இருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இத்தனையும் நிரப்பிட்டு நான் எப்பண்ணா ஜெல் ஓட்டுறது?" என்றார். அவர் சொன்னதில்தான் பேச்சு திசை மாறியது. எதையெல்லாம் பதிவு செய்யலாம் என்பதை விட்டுவிட்டு, பின்னால் எதை வைத்துத் தேடப் போகிறோம் என்று கேட்டுக்கொண்டோம். மின்னழுத்தத்தை வைத்து யாரும் தேடப் போவதில்லை, அது குறிப்பின் பத்தியிலேயே கிடக்கட்டும். ஆன்டிபாடி, நீர்ப்பு (எத்தனை மடங்கு நீர்த்தோம்), செல் வகை, ஏற்றிய புரத அளவு, படமெடுத்த கருவி, இவற்றை வைத்துத் தேடுவோம். அவை மட்டும் கட்டமாயின. கட்டாயம் என்ற குறி ஆன்டிபாடிக்கு மட்டும். எல்லாவற்றையும் கட்டாயமாக்கினால் ஆட்கள் கட்டத்தில் புள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்புறம் ஆன்டிபாடி என்றால் எது ஒரு பதிவு என்ற சண்டை. ஈலேப்பில் பரிசோதனைகள் ஒரு பக்கம், வளங்கள் இன்னொரு பக்கம். ஆன்டிபாடி, பிளாஸ்மிட், செல் வரிசை, கருவி எல்லாம் வளங்களில் வரும். விற்பவரின் பட்டியல் எண் ஒன்றுக்கு ஒரு பதிவு போதும் என்றது ஒரு கட்சி. ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு பதிவு வேண்டும் என்றார் எங்கள் ஆய்வக உதவியாளர் அம்மா. ஃப்ரீசரைத் திறந்து தேடுபவர் அவர், அவருக்குக் குழாய்தான் உலகம். கடைசியில், லாட் ஒன்றுக்கு ஒரு பதிவு என்று முடிவு செய்தோம். குழாய்கள் எங்கே இருக்கின்றன என்பதைச் சேமிப்பிடப் பகுதி பார்த்துக்கொள்ளும். புதிய பதிப்புகளில் வந்த வசதி அது. ஃப்ரீசர், அதற்குள் தட்டு, தட்டுக்குள் பெட்டி என்று மரம்போல் கட்டி, எந்தப் பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பதியலாம். உதவியாளர் அம்மாவுக்கு இது ஒன்றே போதுமாக இருந்தது. மற்ற புதுமைகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பழைய பட்டியல்களை உள்ளே கொண்டுவந்த கதையைத் தனியாகவே எழுதலாம். ஆளுக்கொரு அட்டவணைக் கோப்பு வைத்திருந்தார்கள். ஜெர்மானிய வழக்கத்தில் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளி. அரை மில்லிகிராம் என்றால் 0,5. அதனால் அட்டவணை மென்பொருளின் ஜெர்மன் பதிப்பு சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பில் கட்டங்களைப் பிரிக்க, வழக்கமான காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளியைப் போடுகிறது. எல்லாரும் அப்படியே வைத்திருந்தால் சமாளிக்கலாம். பாதிப் பேர் ஆங்கிலப் பதிப்பு, பாதிப் பேர் ஜெர்மன் பதிப்பு. ä, ö, ü போன்ற உம்லாவுட் எழுத்துகள் குறியேற்றம் மாறி அலங்கோலமாகக் கிடந்தன. இதில் மரபணுப் பெயர்கள் வேறு. செப்டின் குடும்பத்து மரபணு ஒன்றின் பழைய சுருக்கம் எஸ்இபிடி9 (SEPT9). அட்டவணை மென்பொருள் அதைச் செப்டம்பர் 9 என்று எடுத்துக்கொண்டு தேதியாக்கிவிடும். உலகம் முழுக்க இந்தத் தொல்லை தாங்காமல், மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு 2020-இல் அந்தச் சுருக்கத்தையே மாற்றிவிட்டது. மென்பொருளை மாற்ற முடியாமல் மரபணுவின் பெயரை மாற்றிய கூத்து! எங்கள் பழைய பட்டியல்களில் அந்தத் தேதிகள் அப்படியே உறைந்து கிடந்தன.

கையால் திருத்தவேண்டியதைக் கையால் திருத்தி, மீதியைப் பைத்தானில் எழுதிய சின்ன நிரல் வழியாக ஈலேப்பின் ஏபிஐக்கு (மற்ற நிரல்கள் உள்ளே வர வைத்திருக்கும் வாசல்) அனுப்பினேன். அதற்கென்றே பைத்தான் நூலகம் ஒன்று வைத்திருக்கிறார்கள், வேலை சுலபம். முதலில் சோதனைக் கணினியில் ஓட்டி, உதவியாளர் அம்மாவைப் பார்க்கச் சொல்லி, அவர் சரி என்ற பிறகுதான் உண்மையான சர்வரில். ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண் கிடைத்தது. அந்த எண்ணை கியூஆர் குறியோடு அச்சடித்துக் குழாயில் ஒட்டினோம். சாதாரண ஸ்டிக்கர் மைனஸ் 80 டிகிரியில் உரிந்து விழும், அதற்கென்று உள்ள உறைகுளிர் லேபிள்தான் வாங்க வேண்டும். விலை அதிகம், ஆனால் வேறு வழியில்லை.

இப்போது ஒரு லாட்டின் பக்கத்தைத் திறந்தால், அதைப் பயன்படுத்திய பரிசோதனைகள் எல்லாம் கீழே வரிசையாக வருகின்றன. பழைய பிளாட்டுகளுக்கு, கொள்முதல் ரசீதுகளையும் குழாய்மேல் எழுதியிருந்த தேதிகளையும் வைத்து முடிந்தவரை லாட்டை இணைத்தோம். இரண்டாவது பட்டை புதிய லாட் வந்த பிறகு ஓட்டியவற்றில்தான் தெரிகிறது. பழைய லாட்டில் மிச்சமிருந்த கடைசிச் சொட்டுகளை வைத்து, ஒரே சவ்வை இரண்டாக வெட்டி ஒப்பிட்டுப் பார்த்த பிறகு சந்தேகம் போனது.

நேரமுத்திரை வசதியைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஆர்எஃப்சி 3161 என்ற தரத்தின்படி வேலை செய்கிறது. பதிவின் உள்ளடக்கம் வெளியே போவதில்லை. அதிலிருந்து கணக்கிட்ட ஹாஷ், அதாவது கைரேகை போன்ற ஒரு குறியீடு மட்டும்தான் நேரமுத்திரைச் சேவைக்குப் போகும். அவர்கள் நேரத்தைச் சேர்த்துக் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் வலையமைப்பான டிஎஃப்என் இந்தச் சேவையைத் தருகிறது. இது நிரூபிப்பது, இந்த உள்ளடக்கம் இந்த நேரத்தில் இருந்தது என்பதை மட்டும்தான். எழுதியது உண்மையா, பரிசோதனை ஒழுங்காக நடந்ததா என்பதற்கெல்லாம் அது பொறுப்பில்லை. அமெரிக்காவில் முன்பு முதலில் கண்டுபிடித்தவருக்கே காப்புரிமை என்று இருந்ததால் குறிப்பேட்டின் தேதிக்குப் பெரிய மதிப்பு. 2013 மார்ச் 16 முதல் அங்கேயும் முதலில் விண்ணப்பித்தவருக்கு முன்னுரிமை என்றாகிவிட்டது. அதனால் எங்களைப் போன்ற குழுவுக்கு இதை எப்போதாவதுதான் அழுத்த வேண்டியிருக்கிறது. கட்டுரை அனுப்பும் முன் அதில் வரும் பரிசோதனைகளுக்கு முத்திரை குத்தி, பூட்டி வைக்கிறோம். அதற்கு மேல் தேவைப்படவில்லை.

சத்தமில்லாமல் உதவுவது தனித்திருத்த வசதி. முன்பு இரண்டு பேர் ஒரே பதிவைத் திறந்து எழுதினால், கடைசியில் சேமித்தவர் எழுதியதுதான் நிற்கும். மற்றவருடையதை அந்தப் பதிவின் பழைய வடிவங்களிலிருந்து தோண்டி எடுக்க வேண்டும். இப்போது ஒருவர் திருத்தும்போது அந்தப் பதிவைத் தன்வசம் பிடித்து வைக்கலாம், அடுத்தவருக்கு அது தெரியும்.

வேதிச் சேர்மங்களின் விவரங்களை பப்கெம் என்ற பொதுத் தரவுத்தளத்திலிருந்து நேரடியாக இழுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. பக்கத்து வேதியியல் குழு கொண்டாடுகிறது, எங்களிடம் சும்மா கிடக்கிறது. மூலக்கூறு வரையும் பலகையும் அப்படியே. கருவிகளை முன்பதிவு செய்யும் நாட்காட்டியை மட்டும் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். மைய மைக்ரோஸ்கோப்பின் கதவில் தொங்கிய தாள் அட்டவணை போயே போய்விட்டது.

அனுமதி விஷயத்தில் பேராசிரியர் கறாராக இருந்தார். பதிவைத் தனக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ள ஈலேப் இடம் தருகிறது. படித்து முடித்துப் போகும் மாணவர் அப்படியே விட்டுப் போனால் பின்னால் வருபவர்களுக்குத் திண்டாட்டம். குழு நிர்வாகி இதைக் கட்டுப்படுத்தலாம் என்பதால், குழுவில் எல்லாரும் படிக்கலாம் என்று நிலைப்படுத்திவிட்டோம். மாணவர்கள் சிலருக்கு இதில் வருத்தம். தோற்றுப்போன பரிசோதனையை எல்லாரும் பார்ப்பார்களே என்று. தோற்றதையும் பார்த்தால்தானே அடுத்தவர் அதே குழியில் விழமாட்டார் என்று சொல்லிப் பார்த்தேன். முழுசாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

நாளைக்கு இந்த மென்பொருளை விட்டு வெளியேற வேண்டியிருந்தால்? அதையும் பார்த்து வைத்தேன். பதிவுகளை ஈஎல்என் என்ற கோப்பு வடிவில் ஏற்றுமதி செய்யலாம். மின்னணுக் குறிப்பேடு செய்பவர்கள் பலர் கூட்டாகச் சேர்ந்து வகுத்த வடிவம் அது. உள்ளே பார்த்தால் சாதாரண ஜிப் கோப்புதான். பதிவுகள், இணைத்த கோப்புகள், எல்லாவற்றையும் விவரிக்கும், ஜேசன் என்ற எழுத்து வடிவிலான ஒரு கோப்பு. ஈலேப் இல்லாமலேயே, ஜிப்பை விரித்து வெறும் எழுத்துத் திருத்தியில் திறந்தே அந்த விவரங்களைப் படிக்க முடிகிறது. பேராசிரியரின் பத்து வருஷக் கேள்விக்கு இப்போதைக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். வருடம் ஒருமுறை இப்படி எடுத்துப் பல்கலைக்கழகச் சேமிப்பகத்தில் போடுகிறோம்.

கடைசியாகச் சேர்த்தது, பல சிறு குழிகள் உள்ள தட்டில் மாதிரிகளை அளக்கும் தட்டு வாசிப்பான் கருவிக்கான நிரல். கருவி தன் முடிவுகளைப் பொது ஃபோல்டரில் போடும். கோப்பின் பெயரில் பரிசோதனை எண் இருந்தால், நிரல் அதை எடுத்து ஏபிஐ வழியாக அந்தப் பதிவிலேயே இணைத்துவிடும். எண் இல்லாத கோப்பு எல்லாம் "அநாதைகள்" என்ற ஃபோல்டருக்குப் போகும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அந்த ஃபோல்டரைத் திரையில் திறந்து காட்டுவது என்று பேராசிரியர் வழக்கமாக்கியிருக்கிறார், அதனால் அது இப்போது பெரும்பாலும் காலி. அடுத்து மைக்ரோஸ்கோப்புக்கும் இதையே செய்ய வேண்டும். அங்கே ஒரு கோப்பே பல ஜிகாபைட் வருவதால் ஈலேப்புக்குள் ஏற்றாமல், சேமிப்பகத்தில் அது இருக்கும் முகவரியை மட்டும் ஒரு கட்டத்தில் எழுதுவதாகத் திட்டம்.